மவுஸைத் தொடாதவர்

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. அதை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் ஊரில் பள்ளிப் படிப்பு முடிவில் வைக்கிற ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்தவன். லண்டனுக்கு வந்து இருபத்தாறு வருசம். ஒரு பள்ளிக்கூடக் குசினியில் தட்டுக் கழுவுகிறேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கமாட்டேன். கூட்டங்களுக்குப் போனால் கடைசிக் கதிரையில், கதவுக்குப் பக்கத்தில் இருப்பேன். இப்படிப்பட்டவன் இன்னொருவரைப் பற்றி எழுத வெளிக்கிடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் வாய் திறந்திருக்க வேண்டிய ஒரு நாளில் நான் திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. பேசத் தெரியாதவன் எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவருக்குக் கோபம் வரும். எதற்குத்தான் அவருக்குக் கோபம் வராது? பஸ் பிந்தினால் கோபம். சங்கத்து மண்டபத்தில் கெட்டில் சுடாவிட்டால் கோபம். கம்ப்யூட்டர் திரையில் தேவையில்லாத விளம்பரம் வந்தால், அதைச் செய்தவனின் தாய் தகப்பனைக் கூப்பிட்டு நியாயம் கேட்பதுபோல் ஏசுவார். ஆனால் ஒன்று. கம்ப்யூட்டர் பழக வந்த எங்களில் ஒருவரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை.

மலேசியாக்கார அம்மா. அறுபது தாண்டியிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமயிர், பஞ்சாபி உடுப்பு, அதற்கு மேல் ஆம்பிளைகள் போடுகிற மழைக்கோட்டு, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற சப்பாத்து. தெற்கு லண்டன் சட்டனில் இருந்து இரண்டு பஸ் மாறி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுக்கிற தேவாலய மண்டபத்துக்கு வருவார். ஒரு தள்ளுவண்டிப் பையில் மூன்று பழைய லாப்டாப்கள். அவற்றை மண்டபத்தின் பின்பக்கம், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் பரப்பி வைத்துவிட்டு ஒரு கோப்பை தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்பார். கம்ப்யூட்டருக்குப் பயந்தவர்கள் வரலாம் என்று ஒரு மட்டையில் எழுதி வைத்திருந்தார். பெரும்பாலும் ஒருவரும் வருவதில்லை.

ஏன் வரவில்லை என்றால், மண்டபத்தின் முன்பக்கத்தில் செயலாளர் அண்ணையின் மேசை இருந்தது. அங்கேதான் வரிசை. சங்கத்துச் செயலாளர் பத்து வருசமாக எங்கள் சனத்துக்குப் போர்ம் நிரப்பிக் கொடுக்கிறார். பெனிபிட் என்கிற அரசாங்க உதவிப் பணம், பள்ளிக்கூட இடம், வீடு, எல்லாம். ஒரு சதம் வாங்கமாட்டார். என் மனிசிக்கு முழங்கால் ஒப்பரேசன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து எங்களுக்காக இங்கிலீசு கதைத்தவர் அவர்தான். நல்ல மனிதர். இதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது பொய்யாகிவிடும்.

எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கிரவுண்ட் ஃபுளோரில் ஒரு வீடு. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. மனிசி கடைக்குப் போய் வந்தால் இரண்டாவது மாடிப் படியில் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு கால் மணித்தியாலம் இருப்பாள். அயலவர்கள் அவளைச் சுற்றிக் கடந்து போவார்கள். நகரசபை குறைந்த வாடகைக்குக் கொடுக்கிற கவுன்சில் வீட்டு வரிசையில் பெயர் பதிந்து ஒன்பது வருசம் ஆகியிருந்தது. பதிந்தது செயலாளர் அண்ணை. நேரம் கிடைக்கிறபோது, வருகிற வீடுகளுக்கு இணையத்தில் எங்களுக்காகக் கேட்டுப் போடுகிறவரும் அவர்தான். "அண்ணை, ஏதும் வந்ததோ?" என்று கேட்டால், "வந்தால் சொல்லாமல் விடுவனே?" என்பார்.

ஒருநாள் மனிசிதான் என்னைத் தள்ளினாள். "எத்தினை நாளைக்கு அந்த மனிசனைக் கரைச்சல் படுத்திறது? பின்னுக்கு ஒரு அம்மா சும்மா இருக்கிறா. போய்ப் பழகுங்கோவன்."

போனேன். கொதிக்கிற தட்டுகளைத் தூக்குகிற கைக்கு ஒரு மவுஸ் அடங்கவில்லை. சின்ன அம்பு திரையில் எங்கேயோ ஓடி ஒளிந்தது. பிறகு ஒரு பெட்டி வந்தது. நான் உடனே அதை மூடினேன்.

"என்னா வந்திச்சு?" என்றார்.

"ஏதோ வந்தது, அம்மா. அமத்திவிட்டன்."

"ஏதோன்னா?"

"தெரியாது. ஏதோ இங்கிலீசில."

"இங்கிலீசு படிப்பீங்களா?"

"எழுத்துக்கூட்டி வாசிப்பன்."

"அப்ப ஏன் படிக்கல?"

அவர் லாப்டாப்பைத் தன் பக்கம் திருப்புவார், சரிசெய்து தருவார் என்று பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"பவர் பட்டன் தெரியுதா? அத புடிச்சு அமுத்துங்க. விடாதீங்க."

"பழுதாப் போயிடாதோ?"

"போனா என்னோடதுதான போவுது? அமுத்துங்க."

அமத்தினேன். திரை கறுப்பாகியது.

"யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லை."

"இங்க சுத்திப் பாத்துட்டுச் சொல்லுங்க."

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். பிள்ளைகள் திருக்குறள் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். "ஒருத்தரும் சாகேல்லை, அம்மா" என்றேன். "அவ்ளோதான் லா. இப்ப திருப்பி ஆன் பண்ணுங்க." அன்றைய பாடம் அவ்வளவுதான். அணைப்பது, போடுவது, அணைப்பது. ஏழு தரம்.

அவருடைய முறையே இதுதான். மற்றவருடைய மவுஸைத் தொடமாட்டார். நீங்கள் அரை மணித்தியாலம் தடுமாறினாலும் தொடமாட்டார். விரலால் திரையைக்கூடக் காட்டமாட்டார். "என்னா எழுதியிருக்கு? சத்தமா படிங்க" என்பது மட்டும்தான். கோப்பை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "கை சும்மா இருந்தா பறிச்சிடும். பழக்கம் அப்படி. அதான் கைக்கு ஒரு வேலை" என்றார். தேத்தண்ணி ஆறிப்போகும். ஆறியதையும் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரச்சினைக்கு டெலிபோன் எடுக்கிற இடத்தில் இருபத்திரண்டு வருசம் வேலை செய்திருக்கிறார். நர்ஸ், டொக்டர், கணக்கர் என்று எல்லோரும் பதறிக்கொண்டு எடுப்பார்களாம். "போன்ல என் கை எட்டாதில்ல? அவங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும். பெரிய பெரிய டாக்டருங்க, ஒடம்பத் தொறந்து பாக்குறவங்க, அவங்களும் ஏதோ வந்திச்சுன்னுதான் சொல்வாங்க. படிங்கன்னா அழுவாங்க. ஆனா படிச்சதுக்கப்பறம் பாதிப் பேரு, ஓ, தெரிஞ்சிடுச்சுன்னு போன வச்சிடுவாங்க."

ஆனால் எங்கள் பயம் டொக்டர்மாரின் பயம் இல்லை. இதை நான் அவருக்குச் சொன்னது ஒரு தேத்தண்ணி நேரத்தில். வேறு ஒருவரும் இல்லாதபடியால்தான் சொன்னேன். நாங்கள் அகதிகளாக வந்த காலத்தில் தஞ்சம் கேட்கிற போர்மில் ஒரு திகதி மாறி எழுதினால் போதும். பொய் சொல்கிறான் என்று ஃபைலை மூடிவிடுவார்கள். என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவனைத் தங்கையின் பிறந்த வருசத்தைப் பிழையாகச் சொன்னதற்காக மூன்று தரம் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் போர்மையும் நாங்கள் தனியாகத் தொடுவதில்லை. கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்தால், யாரோ எங்கேயோ அதைக் குறித்துவைக்கிறான் என்றுதான் நினைப்போம்.

அவர் யாரையோ மலாய் மொழியில் ஏசினார்.

அடுத்த கிழமை லாப்டாப்பில் அவர் தானே செய்த ஒரு போர்ம் இருந்தது. உங்கள் ஆட்டின் பெயர் என்ன? அது எந்த வருசம் கலியாணம் கட்டியது? பிரித்தானியாவுக்குள் எந்தக் காலால் நுழைந்தீர்கள்? எல்லாவற்றையும் பிழையாக நிரப்பச் சொன்னார். அனுப்பு என்பதை அமத்தியதும் சிவப்பு எழுத்துகள் வரிசையாக வந்தன. "சிவப்பு போலிஸ் இல்ல. திருப்பிக் கேக்குது, அவ்ளோதான். பதில் சொல்லுங்க, போயிடும்." அன்று எங்கள் மேசையில் நாலு பேர். ஒரு ஆச்சி தன் ஆட்டுக்குச் செயலாளர் அண்ணையின் பெயரைப் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். லண்டனில் ஒரு போர்மைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிரித்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

அவருடைய உண்மையான கோபத்தை முதலில் கண்டது அந்த ஆச்சியின் மகள் வந்த நாளில். நல்ல உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளை. தாயைக் கூட்டிப்போக வந்து, கார்த் திறப்பைக் கையில் கிலுக்கிக்கொண்டு நின்றது. ஆச்சி ஒரு படத்தைப் பேரனுக்கு அனுப்ப முயன்றுகொண்டிருந்தார். பிள்ளை குனிந்து, "மம்மி, ஜஸ்ட் கிவ் இட்" என்று மவுஸைப் பறித்து மூன்று செக்கனில் அனுப்பிவிட்டது.

"நீ இப்ப அனுப்புனத டிலீட் பண்ணு" என்றார் இவர்.

"ஸொரி?"

"டிலீட் பண்ணு. அவங்க அனுப்பட்டும்."

"ஷீ கான்ட் டூ இட், ஆன்டி. கார் பார்க்கிங் முடியப்போகுது."

"மூணு வயசுல நீ சப்பாத்து மாட்ட எவ்ளோ நேரம் எடுத்திருப்ப? ஒங்கம்மா பார்க்கிங் பாத்தாங்களா?"

பிள்ளையின் முகம் சிவந்தது. ஆச்சி நடுவில், "விடுங்கோ, பிள்ளைக்கு நேரம் போகுது" என்று எழும்பினார். இவர் எழும்பவில்லை. ஆச்சி திரும்ப இருந்தார். இருபத்தைந்து நிமிசம் எடுத்தது. படம் போனது. பிள்ளைக்கு அபராதம் விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆச்சி அதற்குப் பிறகு வரவில்லை, மகள் விடவில்லை.

எனக்கும் அவரைப் பிடிக்காமல் போன நாட்கள் உண்டு. பிடிவாதம் பிடித்த மனிசி, ஒருக்கால் தொட்டால் குறைந்தா போவாய் என்று மனதுக்குள் ஏசியிருக்கிறேன். ஆனால் மூன்று மாதத்தில் எனக்கு ஈமெயில் முகவரி திறக்கத் தெரிந்துவிட்டது, பாஸ்வேர்ட் மாற்றத் தெரிந்துவிட்டது. ஏதோ வந்தது என்ற சொல் என் வாயில் வருவது நின்றுவிட்டது.

அப்படியிருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்கி ஒங்க சொந்த வேல எதாச்சும் பண்ணுங்க" என்றார். செயலாளர் அண்ணை ஒன்பது வருசத்துக்கு முந்தி ஒரு துண்டில் எழுதித் தந்த எங்கள் வீட்டு வரிசை நம்பரும் பாஸ்வேர்டும் மணிபேர்ஸில் இருந்தன. இரண்டையும் அடித்து, நானாகவே உள்ளே போனேன். பெருமையாக இருந்தது. ஒரு கடிதம் இருக்கிறது என்று காட்டியது.

"படிங்க" என்றார்.

எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். தொடர்ந்து வரிசையில் இருக்க விருப்பமா என்று கேட்டு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினோம், பதில் வராதபடியால் உங்கள் விண்ணப்பத்தை நீக்கிவிட்டோம், ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம். வாசிக்கும்போது விளங்கவில்லை. வாசித்து முடித்த பிறகு விளங்கியது. திகதியைப் பார்த்தோம். பதினேழு நாள் போய்விட்டது.

மீளாய்வு கேட்கிற இடத்தை அமத்தினேன். பதிந்த மின்னஞ்சலுக்கு ஒரு ஆறு இலக்கக் கோட் அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிசத்துக்குள் அடிக்கவும் என்று வந்தது.

"ஒங்க ஈமெயில தொறங்க."

"அது என்ர இல்லை, அம்மா. அண்ணையிட."

"எந்த அண்ண?"

நான் மண்டபத்தின் முன்பக்கத்தைக் காட்டினேன். "அப்ப எங்களிட்ட ஈமெயில் இல்லைத்தானே. எல்லாருக்கும் அண்ணையிடதைத்தான் போட்டது."

"எல்லாருக்குமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. "லாப்டாப்ப தூக்கிட்டு வாங்க" என்று நடந்தார்.

செயலாளர் அண்ணை ஒருவருக்கு ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

"சார், இவரோட கோட் ஒங்க போனுக்கு வந்திருக்கு. எடுத்துக் குடுங்க."

"கொஞ்சம் பொறுங்கோ, இவையின்ர போர்ம் முடியட்டும்."

"பத்து நிமிசம்தான் சார் இருக்கு."

அண்ணை கண்ணாடியைப் போட்டு போனைத் திறந்தார். திறக்காத மின்னஞ்சல்கள் பதினோராயிரத்துச் சொச்சம் என்று இருந்தது. விரலால் தள்ளத் தள்ள அவை கறுப்பெழுத்தில் ஓடின. எங்கள் ஆட்களின் பெயர்கள் எல்லாம் அதற்குள் ஓடின. இடையில் என் வீட்டு வரிசை நம்பரும் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் திறக்கப்படவில்லை.

"நில்லுங்க. அது என்னா சார்? படிங்க."

அண்ணை வாசிக்கவில்லை. "இது எப்ப வந்தது?" என்று தனக்குத்தானே கேட்டார்.

"இந்த ஒரு ஈமெயில்ல எத்தன குடும்பம் வச்சிருக்கீங்க?"

"அறுபது எழுபது இருக்கும். என்னை நம்பித் தந்தவை."

"நம்பித்தான் தந்தாங்க! அதுல யாரு வரிசையில இருக்கா, யார தூக்கிட்டான், ஒங்களுக்கே தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. இங்க நிக்கிற இவங்கள்ல எத்தன பேருக்கு இந்த மாதிரி காயிதம் வந்து கெடக்கோ! தொறந்து பாத்தீங்களா சார்? ஒருநாளாச்சும் தொறந்து பாத்தீங்களா?"

அவர் கத்தினார். அவர் கத்தியது உண்மை. பிள்ளைகள் பாடமாக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார்: "அம்மா, மரியாதையாக் கதையுங்கோ. அண்ணை பத்து வருசமாச் சும்மா செய்யிறார்."

இன்னொருவர்: "எங்கையோ மலேசியாவில இருந்து வந்து எங்களுக்குப் படிப்பிக்கிறா."

செயலாளர் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் சொல்லும். நான் உமக்கு வேணுமெண்டு ஏதும் பிழை விட்டனானோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் ஆயுளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை.

"இல்லை அண்ணை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், ஒருவரும் கேட்காத இன்னொன்றையும் சொன்னேன். "நீங்கள் ஒண்டும் பிழை விடேல்லை. நான்தான் கவனிக்கேல்லை."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு, "கோட் செத்துப்போச்சு. திருப்பிக் கேளுங்க" என்றார்.

திரும்பக் கேட்டேன். செயலாளர் அண்ணை இலக்கங்களைச் சொன்னார். என் விரல் இரண்டு தரம் பிழையாகப் போனது. "அம்மா, நீங்களே அடிச்சு விடுங்கோவன், பாவம் மனிசன்" என்று யாரோ சொன்னார்கள். அவர் திரும்பிப்போய்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மூன்றாம் தரம் சரி வந்தது. பதில் கொடுக்காததற்குக் காரணம் எழுதவும் என்று ஒரு பெட்டி திறந்தது.

"நடந்தத எழுதுங்க" என்றார். "அந்த ஈமெயில் ஒங்களோடது இல்ல, அந்தக் கடுதாசி ஒங்களுக்கு வரவே இல்ல, வயிஃபுக்கு முட்டி முடியல. அவ்ளோதான். நடந்தது."

செயலாளர் அண்ணை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது. நடந்ததை எழுதினால் அவருக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தேன். அதைவிட, அவர் பார்க்க எழுத வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுதினேன்: ஈமெயில் பார்க்க மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

அம்மா அதை வாசித்தார். கோப்பையைப் பிடித்திருந்த விரல்கள் வெளிறிப்போயிருந்தன.

"இதத்தான் அனுப்பப் போறீங்களா?"

"ஓம்."

"நல்லாப் படிச்சீங்களா?"

"ஓம், அம்மா."

ஒரு வசனம். மவுஸை வாங்கி அந்த ஒரு வசனத்தை மாற்ற அவருக்கு அரை நிமிசம் போதும். தொடவில்லை. நான் அமத்தினேன். போய்விட்டது.

அன்று பின்னேரமே நிர்வாகக் குழு கூடி, பின்பக்க மேசை இனி வேண்டாம் என்று முடிவெடுத்தது. அடுத்த ஞாயிறு ஒருவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, "அண்ணை மனம் நொந்து போனார். சும்மா ஒரு ஆறுதலுக்கு எல்லாரும் கையெழுத்து வைக்கிறம்" என்றார். இரண்டு பேர் வைத்திருந்தார்கள். நானும் வைத்தேன். செயலாளர் அண்ணையின் மேசையில் வழமைபோல வரிசை இருந்தது. அவர் தன்னுடைய அந்த ஒரே மின்னஞ்சலைத்தான் இன்னும் எல்லாருக்கும் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு கிழமையில் பதில் வந்தது. மின்னஞ்சலைப் பார்க்க மறந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது போதிய காரணம் இல்லை, விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஒன்பது வருசம் போய்விட்டது. மனிசி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நான் சட்டனுக்குப் போனேன். அங்கே ஒரு நூலகத்தில் அவர் மேசை போடுகிறார் என்று தெரியும். ஒரு வெள்ளைக்காரக் கிழவரோடு இருந்தார், இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு. பஸ்ஸில் இரண்டு தரம் மாறி வருகிற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கண்டதும் வாயில் வந்தது வேறு.

"நீங்கள் ஏன் மாத்தேல்லை? நான் எழுதினது பிழையெண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு வரி. நீங்கள் தொட்டிருந்தால் எங்களுக்கு அந்த இடம் திரும்பக் கிடைச்சிருக்கும்."

நான் ஒருவரிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தரம். அதுவும் அவரிடம்.

"தெரியும்" என்றார். "பஸ்ஸுல போறப்ப எல்லாம் அதான் ஓடிச்சு. கெடைச்சிருக்கலாம். ஆனா நான் எழுதியிருந்தா, அங்க இருந்தாரே ஒங்க அண்ண, அவருக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்? ஒங்க பேருல போற காயிதம். ஒங்களுக்கு எழுதத் தெரியும். அன்னிக்கும் ஒங்களுக்கு எழுதத் தெரியும்."

நான் கடிதத்தில் கையெழுத்து வைத்ததைச் சொன்னேன்.

"அதுவும் தெரியும். எனக்கு ஒரு காப்பி அனுப்பினாங்க. மூணாவது கையெழுத்து ஒங்களோடது." கிழவரின் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார். "அதுல என்னா இருந்திச்சு, சொல்லுங்க."

"அண்ணைக்கு ஆறுதலா..."

"படிச்சிட்டா போட்டீங்க?"

"இல்லை."

அவர் சிரித்தார். நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிப் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகம் மாறிவிட்டது. "வயசானவங்கள நான் மெரட்டினேன்னு எழுதியிருந்திச்சு. ஒங்களயும் சேத்துத்தான். இனிமே தமிழாளுங்க எடம் எதுலயும் என்னைய விட வேணாம்னு எழுதியிருந்திச்சு. தமிழ்லதான் இருந்திச்சு சார். இங்கிலீசு கூட இல்ல."

பிறகு கிழவரின் பக்கம் திரும்பி, என்ன எழுதியிருக்கிறது, சத்தமாக வாசியுங்கள் என்று இங்கிலீசில் சொன்னார். என்னை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் மேலேயும் எனக்குக் கோபம் இருந்தது, இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. செயலாளர் அண்ணை மேல் இருக்கிறது. மிச்சம் எல்லாம் என் மேல்தான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்துக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்து, என் சொந்த ஈமெயிலைக் கொடுத்து, புதிதாக விண்ணப்பம் போட்டேன். இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. பதிந்த திகதி என்ற இடத்தில் அன்றைய திகதி விழுந்தது. மனிசி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சோறு ஆறுது என்றாள்.